அங்க அடையாளங்கள்

கோடை முடியும் தறுவாயில் கல்லூரிகளில் சேர்க்கைக் குழு கூடும். விண்ணப்பங்களோடு வரும் மாற்றுச் சான்றிதழ்களைச் சரிபார்க்கும் பணி, ஆண்டுதோறும் எங்களில் தமிழ் கற்பிப்பவருக்கு வந்து சேர்வது வழக்கம். பெயர், பெற்றோர் பெயர், பிறந்த நாள், சமயம் என்று இறங்கிக்கொண்டே போகும் அச்சான்றிதழில் ‘அங்க அடையாளங்கள்’ என்றொரு வரியும் உண்டு. அதற்கு நேராக இரண்டு குறிப்புகள் இருக்கும். ‘வலது கன்னத்தில் ஒரு மச்சம்’, ‘இடது முழங்காலில் ஒரு தழும்பு’ என்பன போல. பிறந்த நாளை இருமுறை சரிபார்க்கிறோம். மதிப்பெண்களை மும்முறை கூட்டுகிறோம். ஆனால் எதிரே நிற்கும் பிள்ளையின் கன்னத்தை நிமிர்ந்து பார்த்து, அந்த மச்சம் அங்கே இருக்கிறதா என்று எவரும் ஒருநாளும் ஒப்பிட்டதில்லை.

இக்கட்டுரையில் ‘நாங்கள்’ என்பது ஒரு கணவனும் மனைவியும். ஒருவர் தமிழ் கற்பிப்பவர். மற்றவர் வங்கியில் பணிபுரிபவர். எழுதும் கை ஒன்றுதான். ஆயினும் பட்ட பாடு இருவருக்கும் பொது என்பதால் பன்மையிலேயே சொல்லிப் பழகிவிட்டோம்.

எங்கள் மகளுக்கு வலது கன்னத்தில், மூக்கின் ஓரத்திலிருந்து ஒரு விரற்கடை தள்ளி, ஒரு மச்சம் இருந்தது. பிறந்தபோது இல்லை. நான்கு வயதில் ஊசிமுனை அளவு புள்ளியாகத் தென்பட்டு, அவளோடு சேர்ந்து வளர்ந்து, பத்தாம் வகுப்பை எட்டும்போது ஒரு மிளகளவு மேடாகிவிட்டது. நடுவே ஒரு முடியும் முளைத்தது. சரியாக அதே இடத்தில், அதே அளவில் ஒரு மச்சம் அவளுடைய ஆச்சிக்கும் இருந்தது. ஆச்சி 2011இல் காலமானார். அதற்குப் பிறகு பேத்தியின் கன்னத்தைப் பார்க்கும்போதெல்லாம் எங்களுக்கு ஆச்சியின் நினைவு வரும். வீட்டுக்கு வரும் உறவினர்களும் அதைச் சொல்லாமல் போனதில்லை. ‘ஆச்சி கையெழுத்துப் போட்டுட்டுப் போயிருக்கா’ என்பார்கள். எங்களுக்கு அது மிகவும் பிடித்திருந்தது. அவளுக்குப் பிடித்திருந்ததா என்று நாங்கள் கேட்கவில்லை.

2023ஆம் ஆண்டு ஆனி மாதத்து ஞாயிறு ஒன்றில், இட்லிக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்தபோது அவள் சொன்னாள்: “கன்னத்துல இருக்கறத எடுத்துரலாம்னு இருக்கேன்.” அனுமதி கேட்கும் தொனி அதில் இல்லை. தகவல் தெரிவிக்கும் தொனியே இருந்தது. அப்போது அவளுக்கு வயது இருபது.

இத்தகைய நேரங்களில் பெற்றோருக்கு உடனே வாய் திறந்துவிடுகிறது. இலக்கியம் படித்தவர்களுக்கு இன்னும் அகலமாகத் திறக்கிறது. ‘மறு’ என்ற சொல்லை வைத்துக்கொண்டு அன்று அவளுக்கு ஒரு சொற்பொழிவே நிகழ்த்தினோம். நிலவின் களங்கமும் மறு. திருமாலின் மார்பில் திருமகள் உறையும் அடையாளமும் மறு. ‘திருமறுமார்பன்’ என்பது அவன் பெயர்களுள் ஒன்று. குற்றத்துக்கும் சிறப்புக்கும் ஒரே சொல்லை வைத்திருக்கும் மொழி இது என்றோம். சங்கப் புலவர்கள் தலைவியின் மேனியில் படர்ந்த புள்ளிகளைச் சுணங்கு என்றும் திதலை என்றும் பெயரிட்டு, வேங்கைப் பூவுக்கு ஒப்பிட்டுப் பாராட்டியதை எடுத்துச் சொன்னோம். வகுப்பில் இவ்விடம் வரும்போது மாணவிகள் சிரிப்பதுண்டு. உரையாசிரியர்கள் ‘தேமல்’ என்று பொருள் எழுதியிருப்பார்கள். தேமலுக்குக் களிம்பு விற்கும் காலத்துப் பிள்ளைகளுக்கு அதைப் பாடுபொருளாக எண்ணிப் பார்ப்பது கடினமாகத்தான் இருக்கிறது.

அத்தோடும் விடவில்லை. மகாபாரதத்து நளோபாக்கியானத்தைத் தொட்டோம். கணவனைப் பிரிந்து சேதி நாட்டில் யாரென்று தெரியாமல் பணிப்பெண்ணாக வாழ்ந்த தமயந்தியைச் சுதேவன் என்னும் அந்தணன் கண்டுபிடிக்கிறான். புருவங்களுக்கு நடுவே இருந்த மச்சம், படிந்திருந்த அழுக்கையும் மீறி அவனுக்குத் தெரிகிறது. அழுக்கைத் துடைத்த பிறகு அதே மச்சத்தைக் கண்டுதான் அரசமாதா தன் தங்கை மகளை அடையாளம் கண்டு தழுவிக்கொள்கிறாள். மச்சம் இல்லையென்றால் தமயந்தி அங்கேயே கிடந்திருப்பாள் என்று முடித்தோம்.

மகள் மாவுக் கரண்டியைக் கீழே வைத்தாள். “பள்ளிக்கூடத்துல என் பேரு என்னன்னு உங்களுக்குத் தெரியுமா?” என்று கேட்டாள். தெரியாது. “மிளகு. வெண்பொங்கல் போடற அன்னிக்கு என்னைப் பாத்துட்டுத்தான் சாப்பிடுவாங்க” என்றாள். பிறகு எழுந்து போய், முன்னறையில் மாலையோடு தொங்கும் ஆச்சியின் படத்துக்கு நேராக நின்றுகொண்டு, “இதுல ஆச்சிக்கு மச்சம் எங்க இருக்குன்னு காட்டுங்க” என்றாள்.

நாள்தோறும் விளக்கேற்றும் படம். பதினோராம் நாள் காரியத்திலிருந்து அதே ஆணியில் தொங்குவது. அருகே போய்ப் பார்த்தோம். கன்னம் வழுவழுவென்றிருந்தது. அது ஆச்சிக்கு நாற்பது வயதிருக்கும்போது ஸ்டுடியோவில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். அக்காலத்து ஸ்டுடியோக்களில் நெகட்டிவைத் திருத்துவதற்கென்றே ஒருவர் இருப்பார். முகத்தின் கரும்புள்ளி நெகட்டிவில் வெளிச்சப் புள்ளியாக விழும். அதன் மேல் கூரிய பென்சிலால் மெல்ல மெல்லக் கரியேற்றினால், அச்சிடும்போது அந்த இடம் சுற்றியுள்ள தோலின் நிறத்துக்கு வந்துவிடும். ஆச்சியின் கன்னத்தில் நிகழ்ந்திருப்பது அதுதான்.

அன்று மாலை ஆச்சியின் தங்கையைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டோம். அவருக்கு எண்பது கடந்துவிட்டது. “ஆமா, அக்காதான் எடுக்கச் சொன்னா. கூட ரெண்டு ரூவா குடுத்தா. அவளுக்கு அது ஆகவே ஆகாது. கல்யாணத்துக்கு முன்னால சுண்ணாம்பு வச்சுப் பாத்தா, புண்ணாப் போச்சு” என்றார். நாங்கள் பரம்பரைச் சொத்தாகக் கருதிப் போற்றிய மச்சத்தோடு, அதை நீக்கும் விருப்பத்தையும் ஆச்சியே பேத்திக்கு விட்டுச் சென்றிருக்கிறார். அதற்குமேல் எங்களுக்குப் பேச நாவெழவில்லை.

சுண்ணாம்பு வைப்பது ஆச்சியோடு முடிந்துபோன வழக்கமில்லை. தலைமுடியால் மருவை இறுகக் கட்டி, இரத்த ஓட்டமின்றி அது கருகி உதிரக் காத்திருப்பது எங்கள் பக்கத்து ஊர்களில் இன்றும் உண்டு. வைத்தீஸ்வரன் கோயிலுக்குப் போய் உப்பும் மிளகும் கொட்டி, குளத்தில் வெல்லம் கரைத்து வேண்டிக்கொள்வதும் உண்டு. வெல்லம் கரைவதுபோல் பாலுண்ணி கரைந்துபோகும் என்ற அந்த நம்பிக்கையில் யாருக்கும் தீங்கில்லை. பாலுண்ணி ஒரு வைரஸால் வருவது. பல வேளைகளில் உடலின் எதிர்ப்பாற்றலே அதைத் தானாக உதிர்த்துவிடும். வேண்டுதலும் நிறைவேறிவிடும்.

அச்சுறுத்துபவை புதிய வழிகள். எங்கள் நகரின் பெரிய சாலைகளில் ‘மச்சம், மரு, பாலுண்ணி லேசர் மூலம் ஒரே அமர்வில் நீக்கப்படும்’ என்ற பலகைகளைக் காணலாம். அவற்றுள் சிலவற்றின் உள்ளே மருத்துவர் இருப்பதில்லை. பக்கத்து வீட்டுப் பெண் அப்படி ஓர் அழகு நிலையத்துக்குப் போனார். லேசர் என்று சொல்லிச் சூட்டுக்கோல் போன்ற ஏதோ ஒன்றால் கழுத்திலிருந்த ஏழெட்டு மருக்களைச் சுட்டார்கள். மருக்கள் போயின. அவை இருந்த இடங்களில் ஏழெட்டுக் கரிய வட்டங்கள் தங்கிவிட்டன. இரண்டு இடங்களில் தோல் தடித்துத் தழும்பேறியது. இதைக் கண்டிருந்ததால், தோல் மருத்துவம் படித்த ஒருவரிடம் மட்டுமே போவது என்று மகளிடம் ஒரு நிபந்தனை விதித்தோம். அவள் முன்பே ஒரு மருத்துவரிடம் நேரம் கேட்டு வைத்திருந்தாள்.

மருத்துவர் ஐம்பது வயதை ஒட்டிய பெண்மணி. செருப்பை வாசலில் விட்டு உள்ளே சென்றோம். கையடக்கமான ஒரு கருவியை மகளின் கன்னத்தின் மேல் வைத்து வெகுநேரம் பார்த்தார். டெர்மோஸ்கோப் என்று பெயராம். உருப்பெருக்கும் ஆடியும் விளக்கும் சேர்ந்த எளிய கருவி. தோலின் மேற்பரப்பு ஒளியைத் தெறிக்காதபடி செய்து, அதற்குக் கீழே நிறம் எப்படிப் பரவியிருக்கிறது என்று காட்டும். சுவடிப் பதிப்பாசிரியர் சிதைந்த ஏட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பதுபோல் இருந்தது, அவர் பார்த்த விதம்.

பார்த்து முடித்துவிட்டு எங்களுக்கு ஒரு பாடம் எடுத்தார். ஊரார் ‘மச்சம்’ என்றும் ‘மரு’ என்றும் இரண்டே சொல்லில் அடக்கிவிடுபவை மருத்துவத்தில் பல வகை. நிறமிச் செல்கள் ஓரிடத்தில் கூடுவதால் வருவது மச்சம். கழுத்திலும் அக்குளிலும் காம்பு வைத்துத் தொங்குவது வெறும் தோல் தொங்கல். நடுவயதுப் பெண்களின் கன்னத்தில் கடுகு இறைத்தாற்போல் வருபவை மேல்தோல் தடிப்பதால் உண்டாகும் சிறு கரும்பருக்கள். நம்மைப் போன்ற கருநிறத்தவரிடம் இவை மிகுதி. இமைக்குக் கீழே வரிசையாக வருபவை வியர்வைக் குழாய்களிலிருந்து கிளம்புபவை. பாலுண்ணி வைரஸால் வருவது. பெரும்பாலும் யாவும் தீங்கற்றவை. லேசரால் நீக்கத்தக்கவையும்கூட. “ஆனா எது எதுன்னு முதல்ல தெரியணும். லேசர் வச்சிட்டா அப்புறம் தெரிஞ்சுக்க முடியாது” என்றார்.

அதன் காரணத்தை விளங்கிக்கொள்ள லேசர் எப்படி வேலை செய்கிறது என்று அறிய வேண்டியிருந்தது. வீட்டுக்கு வந்து தேடிப் படித்தோம். 1960இல் அமெரிக்காவில் தியோடர் மைமன் முதல் லேசரை ஒரு மாணிக்கப் படிகத்தைக்கொண்டு இயக்கிக் காட்டினார். சில ஆண்டுகளுக்குள்ளேயே சின்சினாட்டி நகரத்துத் தோல் மருத்துவர் லியான் கோல்ட்மன் அதைத் தோலின் மேல் சோதிக்கத் தொடங்கிவிட்டார். இன்று மருவும் மச்சமும் நீக்கப் பரவலாகப் பயன்படும் கார்பன் டை ஆக்ஸைடு லேசர் 1964இல் பெல் ஆய்வகத்தில் உருவானது. அதை உருவாக்கியவர் குமார் பட்டேல். மகாராட்டிரத்து பாராமதியில் 1938இல் பிறந்து, புனே பொறியியல் கல்லூரியில் படித்து, அமெரிக்கா சென்றவர்.

அந்த லேசரின் கதிர் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர். அலைநீளம் 10,600 நானோமீட்டர். அந்த அலைநீளத்தைத் தண்ணீர் பேராவலோடு உட்கொள்ளும். நம் தோலின் செல்களோ பெரும்பகுதி தண்ணீர். கதிர் பட்ட கணத்தில் செல்லுக்குள்ளிருக்கும் நீர் கொதித்து ஆவியாகிவிடுகிறது; செல்லும் உடன் போகிறது. ஏடு ஏடாக உரித்தெடுப்பதுபோல் மேலிருந்து கீழாகச் சீவிக்கொண்டே வரலாம். நுண்ணிய இரத்தக் குழாய்கள் வெப்பத்தில் மூடிக்கொள்வதால் குருதி அதிகம் வராது. நிறத்தை மட்டும் தேடிச் சென்று தாக்கும் லேசர்கள் வேறு. ஒரு குறிப்பிட்ட நிறப்பொருளுக்கு ஏற்ற அலைநீளத்தையும் கண்ணிமைக்கும் நேரத்தைவிட மிகக் குறுகிய துடிப்பையும் தேர்ந்தால், சுற்றியுள்ள தோலைக் காயப்படுத்தாமல் அப்பொருளை மட்டும் சிதைக்கலாம் என்ற கோட்பாட்டை ஆண்டர்சனும் பாரிஷும் 1983இல் வெளியிட்டனர். பச்சை குத்தியதை அழிப்பவை இக்கோட்பாட்டின் வழி வந்தவை.

இவ்வளவும் வியப்புக்குரியவைதாம். ஆனால் ஆவியாகிப் போனதை நுண்ணோக்கியின் கீழே வைக்க முடியாது. மச்சம் என்று நினைத்தது மச்சம்தானா, அன்றி மெலனோமா எனப்படும் நிறமிப் புற்றின் தொடக்கமா என்று சொல்வதற்குச் சாட்சி எதுவும் மிஞ்சாது. கத்தியால் எடுத்தால் ஒரு துண்டு கிடைக்கும். அதை ஆய்வுக்கு அனுப்பலாம். லேசர் தடயமின்றி அழித்துவிடுகிறது. அதன் பெருமையாகப் பலகைகளில் எழுதப்படுவது எதுவோ, அதுவேதான் அதன் ஆபத்தும். ஏட்டிலிருப்பது இன்னதென்று படித்துப் படியெடுப்பதற்கு முன்பே ஏட்டை ஆற்றில் விடுவதற்கு இது ஒப்பு.

அன்றைய சந்திப்பில் மேலும் இரண்டு நிகழ்ந்தன. முதலாவது, மருத்துவர் எங்களை வெளியே அனுப்பியது. “ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் வெளிய உக்காந்திருங்க. நான் உங்க பொண்ணுகூடப் பேசணும்” என்றார். கால்மணி நேரம் கழித்துக் கதவு திறந்தது. உள்ளே என்ன கேட்டார் என்று பிற்பாடு மகளே சொன்னாள். “இத எடுக்கணும்னு யாரு நினைக்கறா? மாப்பிள்ளை வீட்டுக்காரங்க யாராச்சும் சொன்னாங்களா? அம்மா அப்பா சொன்னாங்களா?” என்று கேட்டிருக்கிறார். “எனக்காகத்தான்” என்று இவள் சொன்னதும் ஒப்புக்கொண்டிருக்கிறார். திருமணப் பேச்சுக்காகப் பெண்பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வருபவர்கள் அவரிடம் அதிகமாம். எங்களை அவ்வரிசையில் வைத்துப் பார்த்தாரே என்று முதலில் சுருக்கென்றது. மகளைத் தடுத்த நாங்களும் அவள் முகத்தை எங்களுடையதாகத்தானே எண்ணியிருந்தோம் என்று பிறகு தோன்றியது.

இரண்டாவது, நாங்கள் திரும்ப உள்ளே சென்று அமர்ந்தபோது நிகழ்ந்தது. எங்களில் வங்கியில் பணிபுரிபவருக்கு நாற்காலியில் ஒரு காலை மடித்து வைத்து உட்காரும் பழக்கம் உண்டு. பேசிக்கொண்டே இருந்த மருத்துவர் சட்டென்று நிறுத்தி, “அந்தக் காலைக் கொஞ்சம் காட்டுங்க” என்றார். குதிகாலுக்குச் சற்று முன்னே உள்ளங்காலில் ஒரு கரும்புள்ளி. எவ்வளவு நாளாக இருக்கிறது என்று கேட்டார். எங்கள் இருவருக்கும் தெரியவில்லை. இருபத்து மூன்று ஆண்டு இல்லறத்தில் ஒருவர் உள்ளங்காலை மற்றவர் பார்த்ததே இல்லை.

டெர்மோஸ்கோப் இப்போது காலுக்கு வந்தது. உள்ளங்காலின் தோலில், கைரேகையைப் போலவே, வரிவரியாக மேடும் பள்ளமும் இருக்கும். நிறம் பள்ளங்களின் வழியே ஓடியிருந்தால் பெரும்பாலும் அச்சமில்லை. மேடுகளின் மேல் ஏறியிருந்தால் ஐயப்பட வேண்டும். இதில் ஓரிடத்தில் அவ்வாறும் ஓரிடத்தில் இவ்வாறும் தெரிவதாகச் சொன்னார். அளவு 8 மி.மீ. ஒருபக்கம் போல் மறுபக்கம் இல்லாமை, ஒழுங்கற்ற விளிம்பு, பல நிறம், 6 மி.மீ.க்கு மேற்பட்ட அளவு, காலப்போக்கில் மாற்றம் ஆகிய ஐந்தையும் மருத்துவர்கள் பார்ப்பார்களாம். மெலனோமா நம் போன்ற கருந்தோல் மக்களுக்கு அரிது. ஆனால் வரும்போது உள்ளங்காலிலும் உள்ளங்கையிலும் நகத்தடியிலும் வருவதே மிகுதி. பாடகர் பாப் மார்லிக்குக் கால்விரல் நகத்தின் கீழே 1977இல் கண்டறியப்பட்டது இதுதான். 1981இல், 36ஆம் வயதில், அவர் இறந்தார். “பயப்பட வேண்டாம். ஆனா இதை லேசர்ல தொட மாட்டேன். கத்திதான், பயாப்சிதான்” என்றார்.

வெயில் காலத்தில் முகத்தில் லேசர் செய்தால் நம் தோலில் கருமை படிந்துவிடும் என்பதால் மகளுக்கு மழைக்காலம் வரை பொறுக்கச் சொன்னார். காலை உடனே செய்துவிடலாம் என்றார். அதைச் செய்யாமல் ஒத்திப்போட்டது எங்கள் குற்றம். வங்கியில் தணிக்கை, கல்லூரியில் பருவத்தேர்வு என்று காரணங்கள் வாய்த்தன. உண்மையான காரணம் அச்சம். மகளின் கன்னத்தைப் பற்றி ஒரு மணி நேரம் பேச முடிந்த எங்களால், அந்த உள்ளங்காலைப் பற்றி ஐந்து மாதம் ஒரு சொல்லும் பேச முடியவில்லை.

இறுதியில் மகளே இருவருக்கும் ஒரே நாளில் நேரம் வாங்கினாள். டிசம்பர் இரண்டாம் வாரம். அவள் கன்னத்தில் மரப்புக் களிம்பு தடவி முக்கால் மணி நேரம் ஊறவிட்டு, பிறகு சிறு ஊசியும் போட்டார்கள். கண்களுக்குக் காப்பு. மருத்துவர் முதலில் மெல்லிய கத்தியால் மச்சத்தின் மேட்டைச் சீவி எடுத்து ஒரு குப்பியில் இட்டார். அதன் பிறகே லேசரை எடுத்தார். வழிகாட்டும் சிவப்புப் புள்ளி ஒன்று கன்னத்தில் அசைந்தது. முடி கருகும் நாற்றம் வந்தது. உறிஞ்சுகுழல் ஒன்று புகையை இழுத்துக்கொண்டது. அடியைச் சமன்செய்து முடிக்கச் சில நிமிடங்களே ஆயின. காலுக்கு அவ்வளவு எளிதாக இல்லை. உள்ளங்காலில் போடும் மரப்பூசியின் வலியைச் சொல்லி விளக்க முடியாது. நான்கு தையல். மூன்று வாரம் வரை நனைக்கக் கூடாது, ஊன்றக் கூடாது. இரண்டு குப்பிகளும் ஒரே பையில் ஆய்வகத்துக்குப் போயின. பத்து நாளில் முடிவு வரும் என்றார்கள்.

ஒரு வாரம் கழிந்து, டிசம்பர் 17ஆம் நாள் மழை தொடங்கியது. அம்மழையைத் தென்மாவட்டத்தார் எவரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. கொட்டித் தீர்த்தது. தாமிரபரணி கரை கடந்தது. விடியும் முன்பே எங்கள் தெருவில் முழங்காலளவு நீர். ‘நனைக்கக் கூடாது’ என்று மருத்துவர் சொன்ன காலைப் பாலித்தீன் பையால் சுற்றிக் கட்டி, எதிர்வீட்டுப் பிள்ளைகள் இருவர் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போய் அவர்கள் வீட்டு மாடியில் வைத்தார்கள். மகள் கன்னத்தில் பிளாஸ்திரியோடு சான்றிதழ்க் கோப்பைத் தலைமேல் வைத்துக்கொண்டு தண்ணீரில் நடந்து வந்தாள். வெள்ளம் வந்தால் நடுத்தர வர்க்கத்தார் முதலில் காப்பாற்றுவது சான்றிதழ்களைத்தான். ஆச்சியின் படத்தையும் எடுத்து வந்திருந்தாள்.

மின்சாரம் இல்லை. தொலைபேசி இல்லை. ஆய்வகம் திறந்திருக்கிறதா, குப்பிகள் என்னவாயின என்று கேட்பதற்கும் வழியில்லை. அந்த இரவுகளில் மெழுகுவத்தி வெளிச்சத்தில் நாங்கள் அதுவரை பேசாதவற்றைப் பேசினோம். வீட்டுக் கடன் எவ்வளவு பாக்கி, எந்தக் கணக்கில் யார் பெயர், மகள் மேற்கொண்டு படிக்க எது போதும் என்றெல்லாம். ஒரு கரும்புள்ளிக்கு அவ்வளவு கணக்கு இருந்தது.

தண்ணீர் வடிந்து, கிறிஸ்துமஸ் கழிந்த மூன்றாம் நாள் அறிக்கைகள் வந்தன. இரண்டும் தீங்கற்ற மச்சங்கள். காலில் இருந்ததிலும் புற்றுக்கான தடயம் இல்லை. விளிம்புவரை முழுமையாக அகற்றப்பட்டுள்ளது என்று எழுதியிருந்தது. மருத்துவர் அறிக்கைகளைப் படித்துக் காட்டிவிட்டு, “ரெண்டையும் பத்திரமா வைங்க. தூக்கிப் போட்டுராதீங்க” என்றார். சீவி எடுத்த மச்சம் சில வேளைகளில் தழும்பினூடே மீண்டும் நிறம் கட்டுவதுண்டு. அப்போது அதை அறுத்து நுண்ணோக்கியில் பார்த்தால், புற்றோ என்று மயங்கும்படியான தோற்றம் தரும். 1975இல் இதற்குப் ‘போலி மெலனோமா’ என்றே பெயரிட்டிருக்கிறார்கள். முதல் மச்சம் தீங்கற்றது என்ற அறிக்கை கையில் இருந்தால்தான் அந்த மயக்கம் தீரும். வீட்டுக்கு வந்து இரு அறிக்கைகளையும் சான்றிதழ்க் கோப்பில் சேர்த்து வைத்தோம்.

மகளின் கன்னம் ஆறச் சில மாதங்கள் ஆயின. முதலில் சிவந்து, பின் பழுப்பாகி, வெயில் காப்புக் களிம்பின் தயவால் மெல்ல மங்கியது. இன்று உற்றுப் பார்த்தால் ஓர் அரிசியின் முனையளவு பள்ளம் தெரியும். அவள் அதைப் பொருட்படுத்துவதில்லை. எங்களுக்குத்தான் சிற்சில வேளைகளில், அவள் சட்டென்று திரும்பும்போது, யாரையோ காணோம் என்பதுபோல் ஒரு கணம் திகைப்பு வரும். அந்தத் திகைப்பு எங்களுடையது. நாங்களே வைத்துக்கொள்ள வேண்டியது. அதற்காக ஒரு பெண் தன் கன்னத்தில் எதையும் சுமக்க வேண்டியதில்லை. உடலிலிருந்து ஒன்றை நீக்குவதும் நீக்காதிருப்பதும் உடையவர் விருப்பம். நீக்கும் முன் அது இன்னதென்று அறிந்தவர் ஒருவரால் படிக்கப்பட வேண்டும் என்பது ஒன்றே நாங்கள் மற்றவர்களுக்குச் சொல்லக்கூடியது.

2024 கோடையில் மகள் பட்டப்படிப்பை முடித்துக் கல்லூரியிலிருந்து மாற்றுச் சான்றிதழ் வாங்கி வந்தாள். அலுவலகத்தார் பழைய சான்றிதழைப் பார்த்து அப்படியே எழுதியிருந்தார்கள்: ‘வலது கன்னத்தில் ஒரு மச்சம்.’ கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவர் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லையாம். “மாத்தச் சொல்லணுமா?” என்று கேட்டாள். வேண்டாம் என்று மூவரும் சேர்ந்தே முடிவு செய்தோம். கோப்பில் அச்சான்றிதழுக்கு அடுத்த தாளாக ஆய்வக அறிக்கை இருக்கிறது. மச்சம் எங்கே போனது என்று எவரேனும் கேட்டால் காட்டலாம். இதுவரை யாரும் கேட்கவில்லை.

இப்போது எங்கள் வீட்டில் ஒரு புதிய வழக்கம் ஏற்பட்டிருக்கிறது. மாதத்தின் முதல் ஞாயிறு, எண்ணெய்க் குளியலுக்கு முன்பு, முற்றத்து வெளிச்சத்தில் பலகை போட்டு உட்கார்ந்து ஒருவர் உள்ளங்காலை மற்றவர் எடுத்து மடியில் வைத்துப் பார்க்கிறோம். விரலிடுக்கு, நகத்தடி எல்லாம். முதல் இரண்டு மாதம் கூச்சமாக இருந்தது. இப்போது இல்லை.